இரண்டு ஆள் எடை

"ஹலோ... கோர்டியா... நான்தான், வெண்டல்... ஆமா, உங்க அக்கா வீட்டுக்காரன் வெண்டல்தான். உனக்கு வேற எத்தன வெண்டல் இருக்கான்... இல்ல, யாரும் சாகல... இல்லப்பா, ஆஸ்பத்திரியும் இல்ல... உங்க அக்கா நல்லா இருக்கா. உள்ள சமைச்சிட்டிருக்கா... சும்மாதான் கூப்பிட்டேன்... ஏன், நான் சும்மா கூப்பிடக் கூடாதா..."

வெண்டல் சும்மா கூப்பிடுகிற ஆள் இல்லை. மச்சினனுக்கு அவன் கடைசியாகப் போன் போட்டது மாமனார் தவறிய அன்றைக்கு. அதனால் கோர்டி பதறியதில் தப்பில்லை. பக்கத்து ஊரில் ஏரிக்கரையில் கொட்டகை போட்டுப் படகு பழுதுபார்க்கிறவன் கோர்டி. அவனைக் கூப்பிட வேண்டும் என்று வெண்டல் பல நாளாக நினைத்து, நினைத்ததைத் தள்ளிப்போட்டு, இன்றைக்குத்தான் துணிந்திருந்தான். அதுவும் வீட்டுக்குள் இருந்து இல்லை. காரேஜில், டிரெய்லர் மேல் நிற்கிற படகுக்குள் ஏறி, பின்பலகையில் உட்கார்ந்துகொண்டு பேசினான்.

காரேஜின் பெரிய கதவு தெருவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. தண்ணீரில்லாத படகில் உட்கார்ந்து போன் பேசுகிறவனைப் பார்த்தால் வேறு ஊரில் சிரிப்பார்கள். எதிர்வீட்டு எல்டன் சிரிக்கவில்லை. புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான். அமெரிக்காவில் மினசோட்டாக்காரர்கள் அப்படித்தான். எல்லாவற்றையும் பார்ப்பார்கள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். வெண்டலும் அந்த மண்ணில் பிறந்தவன்தான். இருந்தாலும் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று இந்த ஒரு மாதமாகத்தான் அவனுக்குப் புரிந்திருந்தது.

"மழையா... ஆமா, இங்கயும் பெஞ்சுது... சோளத்துக்கு நல்லது... ஆமா ஆமா... கோர்டி, ஒரு விஷயம்... இல்ல, நீ சாப்பிட்டுட்டிருந்தா அப்புறம் பேசலாம்... சாப்பிட்டாச்சா... சரி... ஒரு மோட்டார் வேணும்... பெரிய மோட்டார் இல்ல, அது நல்லாத்தான் ஓடுது. படகு மூக்குல, முன்பக்கம் மாட்டுவாங்களே... பேட்டரியில ஓடுறது... ஆமா, உன் படகுல இருக்கிறதேதான்... ஆமா, நான்தான் கேக்குறேன்... நானேதான்... சிரிச்சு முடி. இங்கதான் இருக்கேன்."

கோர்டிக்குச் சிரிக்க உரிமை இருந்தது. போன நவம்பரில் வான்கோழி விருந்துக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, கோர்டி தன் படகில் புதிதாக மாட்டிய கரண்ட் மோட்டாரைப் பற்றி ஆசையாகச் சொன்னான். ஒரு பட்டனை அமுக்கினால் போதும், சாட்டிலைட் வழியாக இடத்தைக் குறித்துக்கொண்டு, எவ்வளவு காற்றடித்தாலும் படகை அதே இடத்தில் பிடித்து நிறுத்திவிடும், நங்கூரமே வேண்டாம் என்றான். வெண்டல் விடுவானா? படகை நிறுத்தக் கயிறும் இரும்பும் இருந்தால் போதும், சாட்டிலைட்டைக் கேட்டு மீன் பிடிக்கிற சோம்பேறி மீனையும் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு போடு போட்டான். மேசையே சிரித்தது. கோர்டியும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆனால் ஒரு வார்த்தையையும் அவன் மறக்கவில்லை போலிருக்கிறது.

"ஆமா, சொன்னேன்... ஆமா, அதையும் சொன்னேன்... சோம்பேறின்னும் சொன்னேன்... உன் பொண்டாட்டி முன்னாலதான், ஆமா... உன் மருமகப்பிள்ளை முன்னாலயுமா... எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்க... சரி, சொன்னது தப்பு. போதுமா... ஏன்னா... தோள்பட்டை. நங்கூரம் இழுக்க முடியல... இடது... இல்ல, வலது... ரெண்டும்னு வச்சுக்கோயேன்... குளிர்காலம் பூரா பனி தள்ளுற லாரி ஓட்டுறவன் தோள் எப்படி இருக்கும்... டாக்டர்கிட்ட எதுக்கு... பாப்போம், பாப்போம்."

தோளுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் படகை வாங்கியதிலிருந்து இந்த மே மாதம் வரை வெண்டல் ஒருநாளும் ஏரியில் நங்கூரத்தை இறக்கியதோ இழுத்ததோ இல்லை. அவன் பின்பலகையில் உட்கார்ந்து, பெரிய மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்திருப்பான். மூக்குப் பக்கத்துப் பலகை அவன் மனைவி மார்லிஸுக்கு. அவன் மோட்டாரை அணைத்த உடனே அவள் சத்தமில்லாமல் இரும்பை இறக்குவாள். கயிறு எவ்வளவு விட வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரியும். மீன் கடிக்கவில்லை என்று அவன் சலித்துக்கொள்வதற்கு முன்பே அவள் கயிற்றை இழுக்கத் தொடங்கியிருப்பாள். அதை அவன் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. படகு நின்றது, அவ்வளவுதான்.

"பதினாறு அடி... அலுமினியம்... ஆமா, அதே பழைய படகுதான்... டர்ட்டில் ஏரியில காத்துக்குப் பஞ்சமா... ம்... ம்... மெதுவா சொல்லு. ஒரு பேட்டரின்னா பன்னெண்டு வோல்ட்டு... ஐம்பத்தஞ்சு பவுண்டு இழுவை... ரெண்டு பேட்டரின்னா எண்பது... ஏன், கார் பேட்டரி போதாதா... ஓ... அது ஒரே உதையில தீந்துரும்... இது நாள் பூரா மெல்ல மெல்ல இழுக்கணும்... சரி... பேட்டரிய பின்னாடி வைக்கணுமா... ஆமா, மோட்டார் கனம் மூக்குல இருக்கும்ல... தடி வயரு... ஆமா ஆமா, எரிஞ்சு போகாம ஒரு பிரேக்கரு... புரியுது."

அடுத்து, காலால் மிதிக்கிற மாதிரியா, கையில் ரிமோட்டா என்ற பேச்சு வந்தது. மிதிக்கிற மாதிரி என்றால் மூக்கில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். வெண்டல் கொஞ்சம் தடுமாறினான்.

"நான் பின்னாடிதான... மூக்குலயா... மூக்குல யாரும் இல்ல... ரிமோட்டே போடு... அத எங்க வச்சுக்கணும்... கழுத்துல மாட்டிக்கலாமா... சரி... அந்த நங்கூரப் பட்டன் இருக்கில்ல, அது எப்படி... சத்தமே வராதா... காத்து திரும்பினா... தானா திரும்புமா... நான் ஒண்ணுமே சொல்ல வேண்டாமா..."

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் வெண்டல் சமையலறைச் சுவரைப் பார்த்தான். சொல்லாமலே இத்தனையும் செய்து வந்தவள் சுவருக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவள் இடத்துக்குத்தான் இவன் மோட்டார் விசாரித்துக்கொண்டிருக்கிறான். கேட்க அவனுக்கே கூசியது.

மோட்டாரின் தண்டு எவ்வளவு நீளம் வேண்டும் என்று பார்க்கப் படகின் மூக்கு உயரத்தை அளக்கச் சொன்னான் கோர்டி. தண்டு குட்டையாக இருந்தால் அலையில் மூக்கு எழும்பும்போது விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறுமனே சுற்றும். வெண்டல் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, படகுக்குள்ளேயே முன்பக்கம் நகர்ந்து போய் மார்லிஸின் பலகையில் உட்கார்ந்தான்.

அந்தப் பலகையில் அவன் உட்காருவது அதுதான் முதல் தடவை. அவளுடைய மெத்தை கிடந்தது. மெத்தைக்கு அடியில் அவள் கையுறைகள், கயிறு பட்டுப்பட்டு உள்ளங்கைப் பக்கம் வழவழப்பாகத் தேய்ந்தவை. பாதி தின்ற பெப்பர்மின்ட் பொட்டலம் ஒன்று. அங்கே உட்கார்ந்தால் பின்னால் இருப்பவன் முகம் தெரியாது. குரல் மட்டும்தான் முதுகில் வந்து விழும். இத்தனை வருஷமாக அவளுக்குக் கிடைத்தது இவன் குரல்தான். அது எப்படிப்பட்ட குரல் என்று வெண்டல் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை.

பலகைக்குக் கீழே அந்த நங்கூரக் கயிறும் கிடந்தது.

"இருக்கேன்... அளந்துட்டிருக்கேன்... டேப்பு சிக்கிக்கிச்சு... இல்ல, டேப்பு இல்ல... ஒண்ணுமில்ல. ஒரு கயிறு."

வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கயிறு. நுனி பிரியாமல் இருக்க லைட்டரால் சுட்டு உருக்கியிருந்தது. ஏப்ரலில் இதே காரேஜில் உட்கார்ந்து வெண்டலே உருக்கியது. அந்த உருகிய மொட்டு இன்னும் அப்படியே, அப்பழுக்கில்லாமல் இருந்தது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் கண்ணில் படாமல் உள்ளே தள்ளிவிடுவான். ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை.

உயரத்தைச் சொன்னான். கோர்டி அடுத்ததாக எடை கேட்டான்.

"எடையா... படகு எடையா... அதுல ஏறுறவங்க எடையுமா... மொத்தமாவா... எத்தன பேர்னா... என்ன கேள்வி இது... ஒருத்தர்."

சொல்லிவிட்டு வெண்டல் காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ஒருத்தர்னே போடு... அவ வரல... வேலை இருக்கு அவளுக்கு. ருபார்ப் தண்டு வெட்டி ஜாம் போடணுமாம்... ஆமா, போன வாரமும் ருபார்ப்தான்... அதுக்கு முந்தின வாரமும்... ஜூலையிலயா... ஜூலையில வேற ஏதாவது இருக்கும்... கோர்டி, நீ மோட்டாரப் பாரு... என்ன கேள்விப்பட்ட... யார் சொன்னா... பாதிரியாரா... அவரும் பாத்தாரா... அப்ப உன் ஊருக்கும் வந்துருச்சு... ம்... ம்..."

அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. எதிர்வீட்டில் எல்டனின் மெஷின் வேலியோரமாகப் போய்த் திரும்பி மறுபடி தெருப்பக்கம் வந்தது. வெண்டல் படகுக்குள் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டான்.

நடந்தது இதுதான். மே மாதம் மீன்பிடிப் பருவம் திறக்கிற சனிக்கிழமை. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் வீட்டில் இருப்பவன் சீக்காளி மட்டும்தான். டர்ட்டில் ஏரியில் கரைக்குக் கரை படகு. வெண்டல் தன் வழக்கமான பாறைத்திட்டுக்கு மேலே போய் மோட்டாரை அணைத்தான், மார்லிஸ் இரும்பை இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் படகு தானாக நகர ஆரம்பித்தது. மார்லிஸ் கயிற்றை இழுத்தாள். கயிறு மட்டும் கையோடு வந்தது, நங்கூரம் வரவில்லை. காற்று படகைக் கொண்டுபோய் வரிசையாக நின்றவர்களின் தூண்டில்கள் மேல் விட்டது. வெண்டல் அவசரத்தில் மோட்டாரைக் கிளப்ப, விசிறியில் ஊரார் தூண்டில் நரம்பெல்லாம் சுற்றிக்கொண்டது. ஒவ்வொருத்தரிடமும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு நரம்பை அறுத்து எடுத்துக் கரைக்கு வந்து சேர்வதற்குள் அவனுக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

படகுத்துறையில் டிரெய்லர்கள் ரோடு வரைக்கும் வரிசை கட்டி நின்றன. ஊரே அங்கேதான் இருந்தது. அத்தனை பேருக்கும் முன்னால் வெண்டல் மார்லிஸைப் பார்த்துக் கத்தினான். நீதான் முடிச்சை நோண்டியிருக்கிறாய் என்றான். ஒரு கயிற்றைப் பிடிக்கத் தெரியாதவள் எதற்குப் படகில் ஏற வேண்டும் என்றான். இன்னும் என்னென்னவோ சொன்னான். மார்லிஸ் முழங்கால் தண்ணீரில், ஒரு கையில் படகும் ஒரு கையில் கயிறுமாகப் பிடித்தபடி நின்றாள். வரிசையில் நின்றவர்கள் ஆளாளுக்குக் குனிந்து அவரவர் டிரெய்லர் கொக்கிகளைச் சரிபார்க்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அத்தனை கொக்கிகளுக்கும் ஒரே நேரத்தில் கோளாறு வந்துவிட்டது போலிருந்தது.

மறுநாள் அன்னையர் தினம். பிள்ளைகள் தூர ஊர்களிலிருந்து கூப்பிட்டார்கள். ஏரி எப்படி இருந்தது என்று கேட்ட ஒவ்வொருத்தரிடமும் மார்லிஸ் நன்றாக இருந்தது, கொஞ்சம் காற்று என்றாள். வெண்டல் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்தான். அன்று சாயங்காலம் காரேஜில் கயிற்றைச் சுருட்டும்போதுதான் நுனியைப் பார்த்தான். பாறையில் உரசி அறுந்திருந்தால் நார்நாராகப் பிரிந்திருக்கும். யாராவது அவிழ்த்திருந்தாலும் முடிச்சின் மடிப்பு பாதியாவது நின்றிருக்கும். இதுவோ வழுக்கிக்கொண்டு நேராக உருவி வந்திருந்தது. பழைய கயிற்றுக்குப் போடுகிற முடிச்சையே இந்த வழவழப்பான புதுக் கயிற்றுக்கும் போட்டுவிட்டான். இதற்கு இன்னொரு சுற்று வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

அதற்குப் பிறகு மார்லிஸ் சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. காலையில் ரொட்டி கட்டிக் கொடுத்தாள். இரண்டு பொட்டலமாகக் கட்டுவது ஒன்றானது, அவ்வளவுதான். நீங்கள் போய்வாருங்கள், எனக்கு ருபார்ப் வேலை இருக்கிறது என்றாள். தனியாகப் போனவன் புது நங்கூரத்தோடு மூக்குக்கும் பின்பலகைக்கும் மாறி மாறி ஓடி, படகு ஏரியில் பம்பரமாகச் சுற்ற, ஒரு மீனைக்கூடப் பார்க்காமல் திரும்பினான்.

"கோர்டி... இருக்கியா... மச்சான்."

மச்சான் என்று அவன் கூப்பிடுவது வேலை ஆக வேண்டும் என்றால்தான். இந்தத் தடவை அப்படி இல்லை.

"முடிச்சு நான் போட்டது... அந்த முடிச்சு. அவ தொடவே இல்ல. நான் போட்ட முடிச்சு அவுந்துருச்சு... ஆமா... மறுநாளே தெரியும்... இல்ல, சொல்லல... சொல்லலன்னா சொல்லல, ஏன்னு கேட்டா என்ன சொல்ல... வாய் வரல கோர்டி. தினமும் சொல்லணும்னுதான் போறேன். அவ காபி ஊத்திக் குடுக்குறா, நான் குடிச்சிட்டு வந்துடுறேன்... ஆமா, அதுக்குத்தான் மோட்டார்... ஆமா. அவ்ளோ கேவலமான ஆளுதான். நீ சொல்லவே வேண்டாம், எனக்கே தெரியுது... திட்டு. நல்லாத் திட்டு."

கோர்டி திட்டியிருப்பான் போலிருக்கிறது. வெண்டல் கண்ணை மூடிக்கொண்டு ம் கொட்டினான். அக்காளுக்குத் தம்பி அவன் ஒருத்தன்தான். திட்ட வேண்டியவன் திட்டினால் ஒரு விதத்தில் நிம்மதி. ஊரிலே ஒருத்தரும் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தேவாலயத்தில் கைகுலுக்கினார்கள், கடையில் மீன் விழுகிறதா என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு உடனே வேறு பக்கம் பார்த்தார்கள்.

"என்ன, மோட்டார் தர மாட்டியா... எடை சரியா சொல்லாம ஆர்டர் போட மாட்டியா... ஒருத்தர்னு சொன்னேனே... அது சரியான எடை இல்லியா... அவளக் கேக்கணுமா... இப்பவா... அவ சமைச்சிட்டிருக்கா... இல்ல, கோர்டி, இரு... அப்புறமா..."

சமையலறையிலிருந்து காரேஜுக்கு வருகிற சின்னக் கதவு திறந்தது. மார்லிஸ் கையைத் துணியில் துடைத்தபடி நின்றாள். சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று, ஆறிப்போகும் என்று சொல்ல வந்தவள், புருஷன் தன் பலகையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

வெண்டல் போனைத் துண்டிக்கவில்லை. மெத்தை மேல் வைத்தான். கயிற்று நுனி இன்னும் கையில் இருந்தது. அதை ஒளிக்க நேரமில்லை, ஒளிக்கத் தோன்றவும் இல்லை. பார்த்தது பார்த்தபடி இருக்கட்டும் என்று அவள் பக்கமாக நீட்டினான்.

"மார்லிஸ். இத நான் கட்டினேன். நான்தான் சரியா கட்டல. உன்ன அத்தன பேர் முன்னால... நான்தான்."

சொல்லியதே தன் குரல்தானா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. மார்லிஸ் படி இறங்கி வந்தாள். டிரெய்லர் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, படகின் விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினாள். நிறையப் பேசவில்லை. எப்போதுமே அவள் நிறையப் பேசுகிறவள் இல்லை. பேசி முடித்துவிட்டு, சாப்பாடு ஆறுகிறது என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

வெண்டல் கயிற்றை விடாமல் மறு கையால் போனை எடுத்தான்.

"கோர்டி... ம்... இருக்கேன்... சொல்லிட்டேன்... இல்ல, அழல. யாரும் அழல... அவளுக்குத் தெரியுமாம்."

மூக்கை உறிஞ்சினான்.

"அன்னைக்கேவாம். படகுத்துறையிலயே... நான் கத்திட்டிருந்தேன்ல, அப்ப கயித்து நுனி அவ கையிலதான் இருந்துச்சாம். பாத்துட்டாளாம்... ஆமா, அப்பவே... நானும் அதத்தான் கேட்டேன், ஏன் சொல்லலன்னு... ஏற்கெனவே எல்லாரும் உங்களப் பாத்துட்டிருந்தாங்க, இதையும் சொல்லியிருந்தா உங்க மூஞ்ச எங்க கொண்டுபோய் வச்சிருப்பீங்கங்கிறா... ஆமா... நான் அவ மானத்த வாங்கிட்டிருந்தேன், அவ என் மானத்தக் காப்பாத்திட்டு நின்னிருக்கா. முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு... இரு. ஒரு நிமிஷம் இரு."

போனை நெஞ்சில் வைத்துக்கொண்டான். எல்டனின் மெஷின் தெருவோரமாக நெருங்கி வந்து மறுபடி விலகிப் போனது. அன்றைக்குத் தான் போட்ட சத்தத்தை இப்போது வெண்டல் முன்பலகையில் உட்கார்ந்து கேட்டான். கேட்கச் சகிக்கவில்லை.

"ஹலோ... ம்... இல்ல, கோவம் இல்லியாம். நானா சொல்லுவேன்னு காத்திட்டிருந்தாளாம். எத்தன நாள் ஆகுதுன்னு பாத்திட்டிருந்தாளாம்... ருபார்ப்பா... அது போன வாரமே தீந்து போச்சாம். தோட்டத்துல ஒரு தண்டு கூட இல்ல. நான் கவனிக்கவே இல்ல, கோர்டி... வருவாளான்னா... வருவாளாம். ஆனா ஒண்ணு... ம்... ஒண்ணு சொல்றா."

தெருவை ஒரு முறை பார்த்தான்.

"எங்க கத்தினேனோ அங்க சொல்லணுமாம்... ஆமா, படகுத்துறையில. சனிக்கிழமை காலையில, எல்லாரும் வரிசையில நிக்கிறப்போ... வீட்டுல சொன்னது கணக்குல வராதாம். வீட்டுலயா கத்தினீங்கங்கிறா... மெதுவா காதுல சொல்றேன்னா ஒத்துக்க மாட்டேங்கிறா. எவ்ளோ சத்தமா கத்தினேனோ அவ்ளோ சத்தமா சொல்லணும். அதே குரல்ல... நியாயம்தான்... ஆமா, நியாயம்னு எனக்கும் தெரியுது. தெரிஞ்சு என்ன, நெனச்சாலே பயமா இருக்கு. பனியில லாரி வழுக்கிப் போனப்பகூட இப்படிப் பயப்படல."

மோட்டார் விஷயத்தைக் கோர்டி மறக்கவில்லை. அவனும் வியாபாரி. வெண்டல் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆமா, வேணும்... ரெண்டு பேர் எடை போடு... அப்ப ரெண்டு பேட்டரி... சரி, எண்பது பவுண்டே போடு... அவ எடை எனக்கெப்படித் தெரியும்... நான் கேக்க மாட்டேன். இன்னைக்கு இருக்கிற நிலைமையில அதையும் கேட்டா நானும் என் மோட்டாரும் ஏரிக்குள்ளதான்... நீயே கேட்டுக்கோ, உன் அக்காதான... ரிமோட்டு ஒண்ணு போதும்... இல்ல, எனக்கில்ல. அவ கழுத்துல... படகு எங்க நிக்கணும்னு அவதான் இத்தன நாளா பாத்துக்கிட்டிருந்தா, இனிமேயும் அவளே பாத்துக்கட்டும்... கோர்டி, ஒரு உதவி. சனிக்கிழமை நீ அங்க வராத... ஏன்னா... ஏன்னா நீ வராத, அவ்ளோதான்... அன்னைக்கு நீ இல்லதான, பாக்காதவன் எதுக்கு வந்து... பொண்டாட்டியயும் கூட்டிட்டா... அடப்பாவி... சரி. வா. வந்து வரிசையில நில்லு."

எழுந்திருக்கப் போனவன் மறுபடி உட்கார்ந்தான்.

"என்ன... இப்பவா... சொல்லிப் பாக்கணுமா... எதுக்கு... சனிக்கிழமை குரல் வரலன்னா... சரி. முடிச்சு நான் போட்டது... கேட்டுச்சா... கேக்கலன்னா போன்ல எவ்ளோதான் கத்துறது... முடிச்சு நான் போட்டது... இதுவும் பத்தாதா... அன்னைக்கு ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்டுச்சா... யார் சொன்னா... பாதிரியாரா... சரி. இரு."

திறந்திருந்த சின்னக் கதவைப் பார்த்தான். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் நின்றிருந்தது. வெண்டல் மார்லிஸின் பலகையில் எழுந்து நின்று, ஒரு கையில் போனும் ஒரு கையில் கயிறுமாக, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தான்.

"முடிச்சு நான் போட்டது. என் பொண்டாட்டி மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் போட்டேன்."

காரேஜின் தகரமெல்லாம் அதிர்ந்தது. தெருவில் புல் வெட்டும் மெஷின் சட்டென்று நின்றுபோனது. எல்டன் இந்தப் பக்கம் பார்த்தான். பிறகு குனிந்து, மெஷினின் சக்கரத்தை ரொம்ப அக்கறையாகச் சரிபார்க்க ஆரம்பித்தான்.

"கேட்டுச்சா... ம்... எல்டனுக்கும் கேட்டுருச்சு... ஆமா, எதிர்வீட்டு எல்டன். அவன் அன்னைக்கும் வரிசையில நின்னான்... சக்கரத்தப் பாத்திட்டிருக்கான்... இல்ல. பாக்கட்டும். சனிக்கிழமைக்கு ஒரு ஆள் குறைஞ்சுது... வைக்கிறேன் மச்சான். சாப்பாடு ஆறுது, கூப்பிடுறா."